நல்லபடியாகக் கன்று போட்டது

தம்பி,

நேற்று போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஆத்தூர்ல போயி என்னப்பா சொன்னீங்க? அவங்க வீட்டுல யாருமே போன எடுக்க மாட்டேங்கிறாங்க." நான் அதற்குப் பதில் சொல்லாமல், சாப்பிட்டாயா, கோயம்புத்தூரில் மழையா என்று சுற்றி வளைத்தேன். கடைசியில் "எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? வாய்ப் பேச்சு என்றால் எனக்குப் பொய் தானாக வந்துவிடும். பதினாறு வருஷம் பால் சொசைட்டிச் செயலாளராக இருந்தவன் நான். வருகிறவர்களிடமெல்லாம் அவரவருக்குத் தக்கபடி பேசிப் பழகிய வாய் இது. எழுதும்போதுதான் கொஞ்சமாவது கூச்சம் வருகிறது. அதனால் கடிதம் நீளும். அவசரப்படாமல் படி. இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் உனக்கும் தேன்மொழிக்கும் நடக்க வேண்டிய கல்யாணம் நடக்குமா என்று இந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. நடக்காமல் போனால் அதற்கு நான்தான் காரணம், வேறு யார் பேரிலும் குற்றமில்லை. போன வியாழக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு விஷயத்தைச் சொன்னேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே விஷயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டேன். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

உனக்கு அப்போது இருபது வயது. போலீஸ் தேர்வுக்காகத் தினம் காலையில் சின்னாளப்பட்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாய். ஓடிவிட்டு வந்து ஒரு செம்பு தண்ணீரை நின்றவாக்கில் குடிப்பாய். "மெதுவாக் குடி அப்பு, தண்ணி எங்கயும் ஓடிறாது" என்பாள் உன் அம்மா. அந்தச் சமயத்தில்தான் நம் செவலை மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது. மாடு கருக்கலைந்து குறை மாதத்தில் கன்று போடுவதைத்தான் நம் பக்கத்தில் 'வீசிருச்சு' என்போம். மாடு வைத்திருக்கிறவனுக்கு அதைவிடக் கெட்ட சொல் இல்லை. ஒரு வீட்டில் மாடு வீசியது என்றால் அந்த வீட்டுப் பாலை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அடுத்தவன் மாட்டைக்கூட அந்தத் தெரு வழியாக ஓட்டிப்போக யோசிப்பான். அதிலும் நான் செயலாளர். தினமும் ஊரார் பாலைச் சோதித்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்கிறவன். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மாடு வீசிய ஒரு வீட்டுக்காரரின் பாலை, எல்லாரும் பார்க்க, "கொண்டு போங்க, வேணாம்" என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே மாடு வீசியது என்று எப்படிச் சொல்வேன்? பெருமை போய்விடுமே என்றுதான் பயந்தேன் தம்பி, வேறு ஒன்றுமில்லை.

கன்று செத்துத்தான் விழுந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது. கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று உன்னைக் கூப்பிட்டேன். முதல் நாள் வேலி முள் வெட்டியதில் உன் கையெல்லாம் கீறல். கையுறை ஏது, ஒரு பாலித்தீன் பைகூடக் கையில் மாட்டச் சொல்லவில்லை. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுக் கொடியை உருவி எடுத்தாய். முகத்தில் தெறித்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாய். "நாத்தம் தாங்கலப்பா" என்றாய். "மாட்டுக்காரன் வீட்டுல பெறந்துட்டு நாத்தம்கிற" என்று உன்னைக் கேலி பண்ணினேன். அந்தக் கேலி இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செத்த கன்றைத் தொழுவத்துக்குப் பின்னால் புதைத்தேன். கொடியையும் அங்கேயே ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்திருக்க வேண்டும். ஆனால் நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். மாடு நல்லபடியாக ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்துக் கிளையில் கட்டுவோம், பால் மரமாச்சே, மாட்டுக்கும் மடி நிறையப் பால் வரும் என்று. கண்மாய்க்கரை ஆலமரத்தில் புதுப் பொதி தொங்கினால், "யார் வீட்டு மாடு ஈன்றது" என்றுதான் ஊர் கேட்கும். வீசியதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பொதியை நம் வீட்டுச் சாட்சியாகத் தொங்கவிட எனக்கு யோசனை தோன்றியது. நீதான் தோளில் சுமந்துகொண்டு போய்க் கட்டினாய். வைக்கோல் வழியாக ஒழுகியது உன் முதுகெல்லாம் இறங்கியிருந்தது. மறுநாள் சொசைட்டியில், "என்ன செயலாளரே, மாடு கன்னு போட்டுருச்சு போல" என்று கேட்டார்கள். "நல்லபடியாக் கன்னு போட்டுச்சு. கன்னுதான் ஒரு நாள்கூடத் தங்கல" என்று சொன்னேன். அடுத்த மாதம் அந்த மாட்டைச் சந்தையில் விற்றபோதும் அதையேதான் சொன்னேன். அது எந்த வீட்டுத் தொழுவத்துக்குப் போனதோ, அங்கே எந்தப் பிள்ளை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பால் கறந்ததோ, எனக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. கோயிலுக்குப் போனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மாடுதான்.

மூன்று வாரம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் நன்றாக இருப்பாய், பொழுது சாய்ந்தால் உடம்பு கொதிக்கும், பிறகு சட்டையைப் பிழிகிற மாதிரி வேர்க்கும். நாலு நாள் விடும், மறுபடியும் வரும். நாகல் நகரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். டைபாய்டு என்று மருந்து கொடுத்தார். குறைந்தது, திரும்ப வந்தது. இடுப்பு வலிக்கிறது என்றாய். காலையில் ஓடப் போகாமல் படுத்திருந்த உன்னைப் பார்த்து, "ஓடப் பயந்துக்கிட்டுக் காய்ச்சலச் சாக்குச் சொல்றான் பாரு" என்று உன் அம்மாவிடம் உனக்குக் கேட்கும்படியே சொன்னேன். நீ எழுந்து காலணியைப் போட்டுக்கொண்டு வெளியே போனாய். பத்து நிமிஷத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாய். நான் அப்போதும் உன்னை நம்பவில்லை. எதையும் சோதிக்காமல் நம்பாத செயலாளர் புத்தி எனக்கு. சொந்தப் பொய்யை மட்டும் சோதிக்காமல் நம்பினேன்.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு மதுரைக்கு உன்னைக் கூட்டிப்போனேன். சொசைட்டி மெம்பர் ஒருவர் தன் காரில் கொண்டுவந்து விட்டார், டாக்டர் அறைக்குள்ளும் கூடவே வந்து நின்றார். அந்த டாக்டரம்மாவுக்கு உன்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். உன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இடுப்பைத் தட்டிப் பார்த்தார், எல்லாச் சீட்டையும் பொறுமையாகப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுல மாடு இருக்காங்கய்யா? இந்த நாலஞ்சு மாசத்துல ஏதாவது கன்னு வீசுச்சா?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. அதற்குச் சரியான பதில் என் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் மெம்பர் நின்றார். "இல்லம்மா. நல்லபடியாக் கன்னு போட்டுச்சு" என்றேன். மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி அது வாயிலேயே குடியிருந்தது. அந்த அம்மா அப்படியும் விடவில்லை. உன் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தம்பி. மாட்டுப் பிரசவம் எதுவும் பாத்தீங்களா, கொடி கிடி எடுத்தீங்களா?" என்று கேட்டார். நீ ஒரு தரம் என்னைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய். "இல்லங்க டாக்டர்" என்றாய்.

நான் செய்த தப்புகளிலெல்லாம் பெரியது எது என்று யாராவது கேட்டால் அந்தப் பார்வையைத்தான் சொல்வேன். உன்னை முள் கீறிய கையோடு கொடி எடுக்கச் சொன்னதுகூட அறியாமை. இது அறியாமை இல்லை. உன் உயிரைப் பற்றிய கேள்விக்கு நான் பொய் சொன்னேன், நீ என் மானத்தைக் காப்பாற்ற உன் உயிரை விட்டுக்கொடுத்தாய். வெளியே வந்து மரத்தடியில் இளநீர் குடித்தோம். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. காச நோயாக இருக்குமோ என்று அந்த அம்மா வேறு பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுத்தார். அதில் இன்னும் ஒரு மாதம் போனது.

அடுத்த தடவை உன் அம்மா, நானும் வாரேன் என்று கிளம்பிவிட்டாள். டாக்டரம்மா வாயைத் திறக்கும் முன்பே, "எங்க மாடு ஏழு மாசத்துல வீசிருச்சும்மா. இவந்தான் கைய விட்டுக் கொடிய எடுத்தான். இந்த மனுசன் சொல்ல மாட்டாரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உடனே ரத்தம் எடுத்தார்கள். மாட்டைக் கன்று வீசவைக்கிற அதே கிருமிதான் உன் ரத்தத்தில் இருந்தது.

அன்றைக்கு அவர் நமக்கு விளக்கிச் சொன்னதை நீ பாதிதான் கேட்டிருப்பாய், உனக்கு அவ்வளவு காய்ச்சல். எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதற்குள் சின்னச் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டே சொன்னார். "உடம்புக்குள்ள கிருமி வந்தா முழுங்குறதுக்குன்னே சில அணுக்கள் காவலுக்குச் சுத்திக்கிட்டு இருக்கு. முழுங்கி ஒரு பைக்குள்ள போட்டு, இன்னொரு பையில இருக்கிற அமிலத்த அதோட சேத்துக் கரைச்சிரும். இந்தக் கிருமியையும் அப்படித்தான் முழுங்குது, நெறைய செத்தும் போகுது. தப்பிக்கிற கொஞ்சம் இருக்கு பாருங்க, அது அந்த அமிலப் பை முழுசா வந்து சேர விடாது. அப்படியே நகந்து, அந்த அணு தனக்கு வேண்டியத ஆக்கிக்கிற எடத்துக்குப் போயி உக்காந்துக்கும். நம்ம வீட்டு அடுப்படின்னு வச்சுக்கங்களேன். அங்க ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அந்த அணுவயும் சீக்கிரத்துல சாக விடாது. வீடு இடிஞ்சா அது எங்க போயி இருக்கும்?"

உன் அம்மா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப காவக்காரனே களவாணிக்குச் சோறு போட்டு வளக்குறான்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அதன் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தைக்கூடத் தட்டில் வைக்காமல் தள்ளி வைத்துவிட்டுப் போவாள்.

டாக்டரம்மா சிரிக்காமல் தலையை ஆட்டினார். "அதேதாம்மா. உள்ள வந்ததும் இது சத்தம் போடாது, அதனால உடம்புக்கு ஆரம்பத்துல தெரியாது. அந்தக் காவல் அணு போற எடத்துக்கெல்லாம் இதுவும் கூடவே சவாரி போகும். மண்ணீரலுக்குப் போகும், எலும்புக்குள்ள போகும், இடுப்பு மூட்டுக்குப் போகும். வெளிய இருக்கிற கிருமியக் கொல்றது சுலபம். இத அணுவுக்குள்ள நொழஞ்சு கொல்லணும். ரெண்டு வித மாத்திரை, ஆறு வாரம். காய்ச்சல் நின்னாலும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் நின்னா கிருமி செத்துருச்சுன்னு அர்த்தமில்ல, பதுங்கியிருக்குன்னும் அர்த்தம் இருக்கு." மனுசரிடமிருந்து மனுசருக்கு இது சாதாரணமாகத் தொற்றாது என்றும், நம் வீட்டில் யாரும் பச்சைப் பாலைக் குடிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அங்கேயாவது நான் திருந்தினேனா? பத்து நாளில் உன் காய்ச்சல் நின்றது. மூன்று வாரத்தில் நீ சிரித்தாய். நாலாவது வாரம், இத்தனை நாளாக ஒன்றுக்குச் செம்மண் தண்ணீர் மாதிரி போகிறது என்று பயந்து வந்து சொன்னாய். அது அந்த மாத்திரையின் நிறம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். எனக்கு அது மறந்துபோனது. "போதும்டா. இம்புட்டு மாத்திர தின்னா ஒடம்பு வெந்து போகும். நல்லாத்தான இருக்க" என்று மாத்திரை டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன். தேர்வுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, ஓடிப் பழகு என்று அனுப்பியும் வைத்தேன். இரண்டு மாதத்தில் உன்னால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. இடது இடுப்பு மூட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் தடவை மூன்று மாதம் மருந்து. கிருமி போயிற்று, கால் இழுப்பு மட்டும் தங்கிவிட்டது. தேர்வு நாள் அன்று திண்டுக்கல் மைதானத்துக்கு உன் கூட்டாளிகள் மூன்று பேர் போனார்கள். நீ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்களுக்குக் கை காட்டினாய். நான் தொழுவத்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

டாக்டரம்மா வட்டத்துக்குள் வைத்த புள்ளிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். என் பொய்யையும் நீ அப்படித்தான் விழுங்கினாய். அது உனக்குச் செரிக்கவில்லை. செரிக்காமலே எட்டு வருஷம் சுமந்துகொண்டு நடக்கிறாய். ஒரு நாளாவது, ஒரு சண்டையிலாவது, "நீங்கதானப்பா" என்று நீ சொல்லியிருக்கிறாயா? பிள்ளைகள் அப்பன்மாரைத் திட்டுவது உலக வழக்கம். நீ திட்டவே இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இப்போது ஆத்தூர் விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயத்தன்று தேன்மொழியின் தாய்மாமன் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "மாப்பிள கால லேசா இழுக்குற மாதிரி இருக்கே?" நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சின்னதுல வண்டில விழுந்துட்டான்" என்றேன். காபித் தம்ளரைக் கையில் பிடித்தபடி நீ தரையைப் பார்த்தாய். மறுபடியும் அதே பார்வை. உனக்கே தெரியாத இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது. விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது அந்தப் பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மின்விசிறிக்கு நேர்கீழே நின்றாள் தம்பி, பக்கத்தில் நின்ற யாருக்கும் வேர்க்கவில்லை. "ரெண்டு மாசமாச் சூட்டு ஒடம்பு, வேற ஒண்ணுமில்ல" என்றாள் அவள் அம்மா. அந்த வேர்வையையும், அந்த எழுந்திருத்தலையும் நான் ஒரு வருஷம் நம் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பார்த்தவன் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சொன்னால் உன் கால் கதையைச் சொல்ல வேண்டும். வண்டியில் விழுந்த கதை பொய்யாகும். பெண் வீட்டார் கோபித்துக்கொண்டு விலகினால், இத்தனை வருஷம் கழித்துக் கூடிவந்த கல்யாணம் நின்றுபோகும். உனக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பதினெட்டு நாள். பிறகு ஒரு நாள் போனில் நீ சாதாரணமாகச் சொன்னாய்: "தேன்மொழிக்கு மறுபடியும் காய்ச்சலாம்ப்பா. டைபாய்டுன்னு மருந்து குடுத்திருக்காங்களாம்." போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "இன்னும் எத்தன நாளு ரோசிக்கப் போறீக? அதுவும் ஒரு வீட்டுப் புள்ளதான?" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நான் போய் இறங்கியபோது உன் மாமனார் தொழுவத்தில் இருந்தார். மூன்று மாடு நின்றது. நாலாவது கட்டுத்தறி காலி. காபி வந்தது, மழை, தென்னை என்று கொஞ்சம் பேச்சு வந்தது. நான் காலிக் கட்டுத்தறியைக் காட்டி, "சம்பந்தி, தப்பா நெனைக்காதீக. மாடு எதுவும் கன்னு வீசுச்சா?" என்று கேட்டேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "சேச்சே, இல்ல சம்பந்தி. நல்லபடியாக் கன்னு போட்டுச்சு. அப்புறந்தான் குடுத்தோம்" என்றார்.

தம்பி, அதே சொல். ஓர் எழுத்து மாறவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சமையற்கட்டு வாசலில் தேன்மொழி நின்றாள், போர்வையைச் சுற்றிக்கொண்டு. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செவலை மாடு வீசியது, உன் கையில் முள் கீறியிருந்தது, ஆலமரத்தில் பொதி கட்டியது, டாக்டரம்மா கேட்டது, நான் சொன்னது. வண்டியில் நீ விழவே இல்லை என்பதையும் சொன்னேன். உன் மாமனார் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப நோயாளி மாப்பிள்ளையத்தான் எங்க தலையில கட்டப் பாத்தீகளா? இப்ப எம்புள்ளைக்கும் நோயின்னு சொல்ல வந்துட்டீகளா? யோவ், எங்க வீட்டுல மாடே வீசலங்கிறேன்!" அவர் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முந்தைய என்னையே எதிரில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. இதைக் கேட்டு நீயும் அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

அப்போதுதான் அந்தப் பிள்ளை பேசினாள். குரல் சின்னதுதான். ஆனால் தலையைத் தூக்கிச் சொன்னாள். "வீசுச்சு மாமா. ஏழு மாசத்துல. நாந்தான் எல்லாத்தயும் அள்ளிப் போட்டேன்."

"ஏய், உள்ள போ" என்றார் அவர். அவள் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி என்னிடம் கேட்டாள். "அவுகளுக்கு எத்தன நாளைக்கு மாத்திர குடுத்தாக மாமா?" ஆறு வாரம் என்றேன். "அப்புறம் ஏன் கால் இப்பிடி ஆச்சு?" அதையும் சொன்னேன். நாலாவது வாரத்தில் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை. பிறகு, "நான் நிறுத்த மாட்டேன் மாமா" என்றாள்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பெண் எடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையின் அப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உன் மாமனார் என்னை வழியனுப்பவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் தனியாகத்தான் நடந்து வந்தேன். நேற்றுச் சாயங்காலம், நீ பேசி வைத்த பிறகு, வேறு யாருடைய போனிலிருந்தோ அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டாள். அம்மாவோடு மதுரைக்குப் போனாளாம், நம் டாக்டரம்மாவிடமேதான். ரத்தம் கொடுத்திருக்கிறாளாம், முடிவு வர நாள் ஆகுமாம். "அவுக கிட்ட நானே பேசுறேன்னு சொல்லுங்க மாமா. அப்பா கொஞ்சம் எறங்கட்டும்" என்றாள். அவர் இறங்குவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. கல்யாணம் நின்றால் நின்றுபோகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உன் வாழ்க்கை அது. ஆனால் அவள் இடுப்பு உன் இடுப்பு மாதிரி ஆகாது.

வெள்ளிக்கிழமை நீ வரும்போது நான் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நிற்பேன். அந்தக் கேள்வியை என்னிடம் கேள். மதுரை டாக்டரம்மா முன்னால் ஏனப்பா அப்படிச் சொன்னீங்க என்று கேள். சத்தம் போட்டுக் கேட்டாலும் சரி, பஸ் நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும் சரி. அந்தப் பிள்ளை அவள் அப்பனுக்கு எதிரிலேயே சொன்னாள். நீயும் சொல்லு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் அப்பு, என்னைப் பார்த்ததும் தரையைப் பார்க்காதே.

நம் செவலை மாடு கன்று வீசியது. அதை மறைத்தவன் நான். தினமும் பால் பேரேட்டில் போட்ட அதே கையெழுத்தை இதன் கீழும் போடுகிறேன்.

உன் அப்பா